ஆணியில் தொங்கிய சட்டை

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகன் ரொனிக்கு அப்பா சொல்லி எழுதுவிப்பது. ஆண்டவர் புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் தங்கச்சி சாமினியும் மருமகனும் சுகம், பேத்தி சோதினைக்குப் படிக்கிறாள், நீயும் மருமகளும் பிள்ளைகளும் கனடாக் குளிருக்குள் இருமல் தடிமன் இல்லாமல் இருக்க ஒவ்வொரு நாளும் மாதாவிடம் கேட்கிறேன். போனில் நீ என்னை முழுவதும் கதைக்க விடுவதில்லை, சரியப்பா சரியப்பா என்று வெட்டிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். எனக்கு எழுத்துத் தெரியாதது உனக்குத் தெரியும். கீழ் மாடியில் இருக்கும் டீச்சர் எழுதுகிறார், ஒரு சொல்லும் மாற்றக்கூடாது என்று கேட்டிருக்கிறேன், ஓம் அங்கிள் நீங்க சொல்லுங்க என்கிறார். சாமினியை எழுதச் சொல்லாததற்குக் காரணம், நான் சொல்லப்போவது அவளுக்கும் தெரியாது.

நீ கேள்விப்பட்டது பொய் இல்லை. விடியக் காலமை மரைன் டிரைவில் மேலுக்கு ஒன்றும் இல்லாமல் ஓடுகிறேன். ஓட்டம் என்றால் அங்கே ஓடுகிற பிள்ளைகள் சிரிப்பார்கள், இரண்டு லைட் கம்பம் நடை, ஒரு லைட் கம்பம் ஓட்டம், அவ்வளவுதான். காற்சட்டை முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. யாரோ போனில் படம் பிடித்துப் போட்டு, அது கடல் தாண்டி உன் பிள்ளைகளிடம் வந்து, அவர்கள் தாத்தா ஓடுகிறார் என்று உனக்குக் காட்டி, நீ அன்றைக்கே சாமினிக்குக் கோல் எடுத்து, அப்பாவுக்கு மூளை தட்டிட்டுது போல, டொக்டரிட்டக் காட்டு, இரத்மலானையில சிஸ்டர்மார் நடத்துற முதியோர் இல்லத்தில ஒரு கட்டில் சொல்லி வச்சிருக்கிறன், டிசம்பர்ல வந்து நானே கொண்டுபோய் விடுறன் என்று சொன்னாய். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில்தான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். இரத்மலானைக்கு நானும் போய்ப் பார்த்தேன் மகன், இடம் துப்புரவு, சாப்பாடும் நல்லது, ஐந்து மணிக்குப் படலையைப் பூட்டுவார்கள். நான் அங்கே போகமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

டொக்டரிடம் போனோம். மரியாதையான பிள்ளை. வருஷம் கேட்டார், மாதம் கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழிக்கச் சொன்னார், மூட்டை எண்ணின மனிசனுக்கு அது ஒரு கணக்கா. கடைசியில் ஒரு தாளையும் பேனையையும் தந்து மணிக்கூடு கீறி பத்தரைக்கு முள்ளு வைக்கச் சொன்னார். எண்பது வருஷத்தில் நான் பென்சில் பிடித்தது வோட்டுப் போடும் மறைப்புக்குள் மட்டும்தான். நான் கீறினது கடித்து வைத்த அப்பளம் மாதிரி இருந்தது. நேரம் என்ன என்று கேட்டிருந்தால் வெயிலைப் பார்த்தே சொல்லியிருப்பேன், அதை ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு எழுத வராது என்று சொல்ல சாமினிக்கு வெட்கம். அந்த அப்பளத்துக்குப் போட்ட மார்க்கைத்தான் உனக்கு அனுப்பியிருக்கிறாள். இப்போது நான் சொல்வதைக் கேட்டுவிட்டு என் மூளைக்கு நீயே மார்க் போடு.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் மூட்டை தூக்கும் நாட்டாமி வேலை பார்த்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து சட்டையோடு போவோம், கேற்றுக்குள் போனதும் கழற்றிவிடுவோம், சீனி மூட்டையும் சீமெந்தும் வெறும் முதுகில்தான் ஏறும். வெள்ளைக்காரக் கப்பல்காரன் பார்ப்பான், கிளார்க்மார் பார்ப்பார்கள், ஒருவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. ஆனால் வேலை முடிந்து அதே முதுகோடு றோட்டில் இறங்கினால், மேலுக்கு ஒன்று போட்டால் என்ன என்று பெண்டுகள் முகத்தைத் திருப்புவார்கள். மூட்டை இருந்தால் உடுப்புத் தேவையில்லை, மூட்டை இல்லாவிட்டால் தேவை, அப்படி இருந்தது அந்தக் காலம். இப்போது பார், வங்கியில் வேலை செய்கிற பிள்ளைகள், கொம்பியூட்டர் பிள்ளைகள், கையில் பெரிய மணிக்கூடும் வெறும் மேலுமாகக் கூட்டம் கூட்டமாய் ஓடுகிறார்கள், எதிரே பொம்பிளைப் பிள்ளைகளும் ஓடி வந்து குட் மோர்னிங் சொல்கிறார்கள், போலிஸ்காரனும் கையைக் காட்டுகிறான். அவர்களைப் பார்த்து மூளை தட்டிட்டுது என்று யாரும் சொல்வதில்லை. இளந்தாரி கழற்றினால் உடம்பைக் கவனிக்கிறான், கிழவன் கழற்றினால் சித்தம் கலங்கிவிட்டது. ஷிராஸ் என்று ஒரு பொடியன் அந்தக் கூட்டத்தில், அங்கிள் உங்கட விலா எலும்பை எண்ணித்தான் நான் ரவுண்ட் கணக்கு வச்சிருக்கிறன் என்று பகிடி விடுவான். நீ மட்டும் ஏன் தம்பி பெனியனோடு ஓடுகிறாய் என்று கேட்டேன், வாப்பா அடுத்த ஒழுங்கையிலதான் இருக்கார் அங்கிள் என்றான். தொடர்மாடிக் கமிட்டி லிஃப்டுக்குள் மட்டும் சட்டை போடச் சொல்லிக் கடிதம் ஒட்டியது, அது நியாயம், போடுகிறேன். முன் பல்கனி அம்மா முதல் மாதம் என்னைக் கண்டால் கேர்ட்டினை இழுப்பா, இப்போது சத்தமாய், இண்டைக்கு லேட் என்கிறா.

ஆகவே ஊருக்கு இது பெரிய விஷயம் இல்லை மகன், உனக்குத்தான். அதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். அன்றைக்குப் போனில் கடைசியாய் நீ சொன்னது, நீங்கதானே அப்பா சொன்னது, மேலுக்கு ஒண்டும் இல்லாம ஓடுறவனுக்கு மானம் இல்லையெண்டு. ஓம், நான்தான் சொன்னேன். எந்த வருஷம் என்றும் சொல்கிறேன். தை மாதக் கடைசியில் கோட்டையில் வங்கிக்குப் பக்கத்தில் லொறி வெடித்த வருஷம், பங்குனியில் கிரிக்கெட் கிண்ணம் நமக்கு வந்து காலி வீதி முழுக்கப் பட்டாசு கொளுத்தின வருஷம், மழை இல்லாமல் கரண்டை எட்டு மணித்தியாலம் வெட்டின வருஷம், ஆடியில் தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்தது, அதற்குப் பிறகு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. உனக்குப் பதினேழு வயது, அடுத்த மாதம் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட உன்னை மாகாணப் போட்டிக்கு எடுத்திருந்தார்கள்.

அன்றைக்கு அம்மா எவ்லினும் சாமினியும் முதல் பூசைக்குப் போய் அப்படியே கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் பைப்படியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன், இடுப்பில் சாரம் மட்டும். உள்ளே வந்து பார்த்தால் ஆணியில் உன் சட்டை தொங்குகிறது. பையைத் தொட்டேன், உன் அடையாள அட்டை உள்ளே இருக்கிறது. நீ ரயில் பாதை ஓரமாய் வெறும் மேலோடு ஓடப் போயிருக்கிறாய். அந்த நாளில் நம்முடைய ஆட்களுக்குச் சட்டை என்பது உடுப்பு மட்டும் இல்லை, அட்டை வைக்கிற இடம், அட்டை இல்லாமல் பிடிபட்ட பிள்ளையை எங்கே தேடுவது என்று தாய்தகப்பனுக்குத் தெரியாது. முதல் நாள்தான் அடுத்த ஒழுங்கையில் இரண்டு பொடியன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். உன் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன். என் சட்டையைப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஐம்பத்தொரு வயதில் வெறும் மேலோடு, செருப்பும் இல்லாமல், கடற்கரைப் பக்கமாய்.

ரயில் கேற்றடியில் ஆமி. நிறுத்தி அய்டென்டி எங்கே என்றான். உன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுக்கு அவசரம். அவன் அட்டையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், மே கவுத, இது யார் என்று கேட்கிறான். வெறும் மேலோடு ஓடி வந்த தமிழன், கையில் வேறொரு பொடியனின் அட்டை, எனக்கே அது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. மகனுடையது என்றேன். மகன் எங்கே என்றான். ஓடப் போயிருக்கிறான் என்று சொன்னால் உன்னைத் தேடிப் பிடிப்பான், அதனால் கோயிலுக்குப் போயிருக்கிறான் என்றேன். அட்டை இல்லாமலா போனான் என்றான். பாதை ஓரத்துக் கருங்கல்லில் முழங்காலில் இருத்தினார்கள். கேற்காரன் பியசேன, நாம் அய்யே என்று கூப்பிடுவோமே, அவர் வந்து, ஏ மினிஹாவ மம தன்னவா, இந்த ஆளை எனக்குத் தெரியும் என்று மூன்று தரம் சொன்னார், பெரியவர் வரட்டும் என்றார்கள். வெயில் ஏறினது. ஒவ்வொரு ரயில் போகும்போதும் கல்லெல்லாம் அதிரும். எனக்கு முழங்கால் நோகவில்லை மகன், தெஹிவளைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன், நீ அந்த வழியால் ஓடி வந்துவிடக்கூடாது என்று.

பியசேன அய்யே கொடியை மற்றக் கேற்காரனிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சந்தியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஸாலிஹ் நானாவிடம் சொல்லியிருக்கிறார். நானா தன் மகளை நம் வீட்டுக்கு அனுப்பினார், என் சட்டையும் அட்டையும் எடுத்துவர. அந்தப் பிள்ளைக்கு இருபத்தாறு வயதிருக்கும். மூன்றரை மணிக்கு நானாவும் அவவும் வந்தார்கள், என் சட்டையை அவ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஆமிக்காரனுக்கு முன்னால் வந்து நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதற்குள் வந்திருந்த ஆமிப் பெரியவன் அட்டையை வாசித்தான், போகச் சொன்னான். சட்டையை என் தோளில் போட்டுவிட்டு அந்தப் பிள்ளை மெல்லமாய்ச் சொன்னா, ரொனி வீட்டிலதான் அங்கிள், நல்ல நித்திரை, எழுப்பினா இங்க ஓடி வந்துருவான் எண்டு எழுப்பாம எடுத்துட்டு வந்தன். நீ காலையிலேயே உள்வீதியால் உன் கூட்டாளி பாயிஸ் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் வீடு வந்து படுத்திருக்கிறாய்.

மிச்சம் உனக்குத் தெரியும். நான் வீட்டுக்கு வந்தேன், உன்னை எழுப்பி ஒழுங்கைக்குள் இழுத்து, எல்லாரும் பார்க்க அறைந்தேன், மேலுக்கு ஒண்டும் இல்லாம ஊர் சுத்த உனக்கு மானம் இல்லையா என்று கத்தினேன், உன் ஸ்பைக்ஸ் சப்பாத்தைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தேன். நீ போட்டிக்குப் போகவில்லை. மூன்று வருஷத்தில் நாட்டை விட்டே போனாய். நாட்டாமி வேலை செய்த அப்பாவுக்கு மகன் வெறும் மேலோடு திரிவது வெட்கம் என்று நீ நினைத்தாய், நானும் நினைக்க விட்டேன். பயம் என்று சொல்லியிருந்தால் நீயும் பயந்திருப்பாய், அல்லது பதினேழு வயதுக் கோபத்தில் அந்தக் கேற்றடிக்கே போயிருப்பாய். மானம் என்று சொன்னால் வீட்டுக்குள் இருப்பாய். அதனால் மானம் என்றேன். அது பொய் மகன். உன்னில் எனக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை, நீ ஓடுவதைப் பார்க்க வேலை முடிந்து இரண்டு தரம் மைதானத்துக்கு வந்து மதிலுக்கு வெளியே நின்றிருக்கிறேன்.

இந்த வருஷம் பெருநாள் முடிந்து ஒரு காலமை கடற்கரைப் பக்கம் நடக்கப் போனேன். பாதிவழியில் நெஞ்சுப் பக்கம் கை போனது, பை வெறுமை, அட்டை வீட்டில். நின்றுவிட்டேன். பிறகு யோசித்தேன், இத்தனை வருஷமாய் அதை ஒருவரும் கேட்கவில்லை, நான்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினேன், ஒரு லைட் கம்பம் ஓடிப் பார்த்தேன். கேற் இருந்த இடத்தையும் தாண்டி ஓடினேன். மூளை தட்டினவன் செய்கிற வேலை இல்லை அது, தட்டின மூளை அன்றைக்குத்தான் நேரானது.

டிசம்பரில் நீ வா. இரத்மலானைக்காரருக்கு அந்தக் கட்டில் தேவையில்லை என்று இப்போதே சொல்லிவிடு, தேவைப்பட்ட வேறு யாராவது படுக்கட்டும். உனக்குச் சீனி கூடிவிட்டதாம், டொக்டர் நடக்கச் சொன்னாராம், சாமினி சொன்னாள், குளிர் என்று சாட்டுச் சொல்லாதே. இரவில் சோற்றைக் குறை. வரும்போது உன் அளவுக்கு ஒரு சோடி ஓடுகிற சப்பாத்து வாங்கிக்கொண்டு வா, நான் எறிந்ததற்குப் பதில் நான்தான் வாங்கித் தர வேண்டும், ஆனால் உன் கால் அளவு இப்போது எனக்குத் தெரியாது. சட்டையோடு ஓடுவதும் இல்லாமல் ஓடுவதும் உன் விருப்பம். மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், மாதா உங்கள் எல்லாரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாவா. அம்மாவின் திவசப் பூசைக்குச் சொல்லிவிட்டேன், மறந்துவிடாதே.

கிழவன் கதை கட்டுகிறான் என்று நீ நினைக்கலாம், அதற்கும் சொல்கிறேன். பியசேன அய்யே கடல் ஊருக்குள் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் போய்விட்டார். ஸாலிஹ் நானா கொரோனாவுக்கு முந்தின வருஷம். அம்மாவுக்கு நான் பத்து வருஷம் கழித்துத்தான் சொன்னேன், முழங்கால் காயத்துக்கு அன்றைக்கே மருந்து போட்டவளும் அவள்தான், பெற்றோல் கியூ வருஷத்தில் அவளும் போனாள். அந்த ஆமிக்காரப் பொடியனின் பெயர் எனக்குத் தெரியாது. நடந்ததைக் கண்ணால் கண்டவர்களில் மிச்சம் ஒருவர், என் சட்டையை ஏந்திக்கொண்டு வந்த ஸாலிஹ் நானாவின் மகள். உன்னை எழுப்பாமல் விட்ட அந்தக் கைதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறது. கைநாட்டு வைத்தால் பக்கத்தில் ஒருவர் சாட்சி எழுத வேண்டும் என்பது உனக்குத் தெரியும்தானே.

இப்படிக்கு,
உன் அப்பா பேர்னாட், இடது பெருவிரல் அடையாளம்

சாட்சி: ஜவாஹிறா ஸாலிஹ்