துட்டி கேட்காத ஊர்கள்

அக்கா,

மார்கழிக் கடைசியில் மீனாவும் மாப்பிள்ளையும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மீனா தன் போனை என் முன்னால் நீட்டினாள். அதில் ஒரு நீலக் கோடு. திருநெல்வேலியில் புறப்பட்டு மதுரை, தஞ்சாவூர், தரங்கம்பாடி, பிறகு கடலை ஒட்டியே இறங்கி நாகப்பட்டினம், வேதாரண்யம், தொண்டி, தூத்துக்குடி, கொற்கை, திரும்ப நம் வீடு. "பொங்கல் லீவுல அஞ்சு நாள். கார்லயே போயிட்டு வந்துருவோம்மா. எப்படி நம்ம ரூட்டு?" என்றாள்.

நான் என்ன சொல்ல? அது அவளுடைய வழியா? இருபது வருஷத்துக்கு முன்னால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாங்கின தமிழ்நாடு மேப்பில் நீ பென்சிலால் போட்ட வழி அல்லவா? போனுக்கு ஒரு நொடி ஆனது. நீ ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து போட்டாய். எந்தக் கோயில் நடை எப்போது சாத்துவார்கள், எங்கே மத்தியானச் சாப்பாடு, தரங்கம்பாடிக் கோட்டையில் எந்நேரம் வெயில் இறங்கும் என்றெல்லாம் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தாய். அன்றைக்கு உன் மடியில் உட்கார்ந்து ஊர்ப்பேர்களை எழுத்துக்கூட்டி வாசித்தவள்தான் இந்த மீனா. அவளுக்கு அது நினைவில் இல்லை. தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அப்போது கண்ணீர் ஒன்றும் வரவில்லை அக்கா. எரிச்சல்தான் வந்தது.

இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினவள் நீ. கொற்கை, பாண்டியர் துறைமுகம், முத்துக்குளிப்பு என்று வருஷம் தவறாமல் சொல்லிக்கொடுத்தாய். பாளையங்கோட்டையில் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், அவ்வளவு பக்கம். ஒரு தடவைகூட நீ பார்த்ததில்லை. கேட்டால், "ஒத்தை ஒத்தையா என்னத்துக்குட்டி பாக்கணும்? எல்லாத்தையும் ஒரே சுத்தா, ரெண்டு குடும்பமும் சேந்து பாப்போம்" என்பாய். ரெண்டு குடும்பம் என்றால் நீயும் அத்தானும், நானும் என் வீட்டுக்காரரும், மீனாவும். உனக்குப் பிள்ளை இல்லை. மீனாவுக்குக் காட்டத்தான் அந்த வழியே.

வேன் பேசியாயிற்று. முறுக்கு சுட்டு டின்னில் போட்டாயிற்று. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மதுரைச் சித்தப்பா இறந்துபோனார். தகவல் பிந்தி வந்ததால் எடுத்த அன்றைக்கு நாம் யாரும் போக முடியவில்லை. "போற வழிதானே யக்கா, மதுரைல எறங்கி ஒரு எட்டு விசாரிச்சிட்டுப் போயிருவோம்" என்றேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"துட்டி கேக்கப் போறவ ஊரு சுத்துத வேன்லயா போய் எறங்குவா? பிள்ளை தொப்பியைப் போட்டுக்கிட்டு ஜன்னல் வழியா கைய ஆட்டும். நல்லாருக்கும்."

"அப்பம் ஊருக்குள்ளயே போவாண்டாம். பைபாஸ்ல போயிருவோம்."

"பைபாஸ்ல போனா சித்தப்பா செத்தது இல்லன்னு ஆயிருமா? முதல்ல துட்டி. பொறவு டூரு."

உன் சட்டம் எனக்கு மனப்பாடம். செவ்வாயும் வெள்ளியும் துட்டி வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் வேறு வீட்டுக்குள் நுழையக் கூடாது, கோயில் கூடாது, கடை கண்ணி கூடாது. நேரே வீட்டுக்கு வந்து தலை முழுக வேண்டும். இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நீ கூடுதலாக ஒன்று சேர்த்துக்கொண்டாய்: துட்டி கேட்காத வீடு இருக்கிற ஊர் வழியாக உல்லாசப் பயணம் போகக் கூடாது. இதை உனக்கு யார் சொன்னார்கள்? எந்த அம்மா, எந்த ஆச்சி? யாரும் இல்லை. நீயே போட்ட சட்டம்.

வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாம் ரெண்டு பேரும் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். சித்தி வீடு தெற்கு வாசலில். அழுதோம், உட்கார்ந்தோம், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தோம். வருகிற வழியில் நாயக்கர் மகாலின் தூண்கள் வாசலுக்கு வெளியிலிருந்தே தெரிந்தன. "பத்தே நிமிஷம் யக்கா. நீதான பாடம் நடத்துத" என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்தபடி நடந்தாய். "துட்டிக்கு வந்தவ மகாலு பாத்தான்னு யாரு கண்ணுலயாவது பட்டா? உலை வாயை மூடலாம், ஊரு வாயை மூட முடியுமாட்டி?" அந்தத் தெருவில் நம்மைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆட்டோக்காரன் ஒருவன்தான் நின்றான்.

அந்த வருஷ லீவு அதோடு போயிற்று; அடுத்த வருஷம் தூத்துக்குடியில் அத்தானுக்குச் சித்தி முறை உள்ள ஒருத்தி இறந்தாள். அந்த வீட்டு முன்னறையில் நாம் உட்கார்ந்திருந்தபோது கடற்காற்று ஜன்னல் வழியாக வந்து உன் முடியைக் கலைத்தது. கடல் ரெண்டு தெரு தள்ளி இருந்தது. அதையும் பார்க்காமல் வந்தோம். அதற்கடுத்து ராமநாதபுரம். அப்புறம் தஞ்சாவூரிலேயே ஒன்று. அங்கே நமக்குச் சொந்தம் இருப்பதே அவர் செத்த பிறகுதான் எனக்குத் தெரியும். நம் சொந்தக்காரர்கள் உன் மேப்பைப் பார்த்துத்தான் செத்தார்களோ என்னவோ. அந்தக் கோட்டில் பாதி ஊருக்கு நாம் போய்விட்டோம் அக்கா. போன அத்தனை ஊரிலும் நமக்குத் தெரிந்தது ஒரு பந்தல், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு படம், அதன் முன்னால் ஒரு விளக்கு. வேறொன்றும் தெரியாது.

பிறகு உனக்குச் சிறுநீரகம் கெட்டது. திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுத்துக் கிடந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அஞ்சு நாள் பயணம் இனி நடக்காது என்று உனக்கும் தெரியும். "அஞ்சு நாள் போனாப் போவட்டும். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. கொற்கை, திருச்செந்தூரு, மணப்பாடு. சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம்" என்று நான் கெஞ்சினேன். நீ சரி என்றாய். நீ சரி என்று சொன்னதும் எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொன்னால் இப்போது வெட்கமாக இருக்கிறது. காலை நீட்டி உட்கார வசதியாகப் பெரிய கார் பேசினேன். உனக்கு அளந்துதான் தண்ணீர் தர வேண்டும் என்பதால் சின்னத் தம்ளர் ஒன்றைத் தேடி எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் போன். திருச்செந்தூரில் அத்தானுடைய ஒன்றுவிட்ட அண்ணன். அன்றைக்கு மாலையே எடுத்துவிட்டார்கள். அத்தான் மட்டும் போய் வந்தார்.

"திருச்செந்தூரை விட்டுருவோம் யக்கா. கொற்கை மட்டும் பாத்துட்டுத் திரும்பிருவோம்" என்றேன்.

"ஒடம்பு சரியில்லன்னு துட்டிக்குப் போவாம இருந்தாக்கூட மன்னிப்பாவ. ஊரு சுத்த மட்டும் ஒடம்பு இருந்துச்சாக்கும்னு கேப்பாவல்லா?" என்றாய்.

மறுநாள் அதே காரில் நாம் திருச்செந்தூருக்குத் துட்டி கேட்கப் போனோம். ஸ்ரீவைகுண்டம் தாண்டி, ஏரல் பக்கம் ரோடு பிரிகிற இடத்தில் டிரைவர் அண்ணாச்சி வண்டியைப் பையப் போகவிட்டு, "கொற்கைக்கு இங்கன திரும்பணும். மொதல்ல அதானக்கா சொன்னிய?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். உன் முகம் ஊதிப்போய், கண் சிறுத்து இருந்தது. "நேரா விடுங்க அண்ணாச்சி" என்றாய். திரும்பி வரும்போது கேட்க வழியே இல்லை. துட்டி வீட்டிலிருந்து வருகிறோமே.

வீட்டுக்கு வந்து உன்னைக் குளிக்க வைக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "நீ போனா இவ்வ எல்லாரும் இப்படி விழுந்தடிச்சு வருவாவன்னு நெனைக்கியா?" என்று கேட்டுவிட்டேன். சாகக் கிடக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? நீ கோபப்படவில்லை. "வருவாவட்டி. அதுக்குத்தான நாம போவுதோம்" என்றாய். அதற்குப் பிறகு உன்னைக் காரில் ஏற்றியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.

ஐப்பசி மழையில் போனாய். சாம்பலைக் குறுக்குத்துறை ஆற்றில் கரைத்தோம். "ஆறு கொற்கைப் பக்கமாத்தான் போயி கடல்ல சேருது. எப்படியோ உங்க அக்கா போய்ச் சேந்துருவா" என்று அத்தான் சொன்னார். என்னைத் தேற்றத்தான் சொன்னார், பாவம். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

நீ சொன்னபடி வந்தார்கள் அக்கா. அதை மறைக்கக் கூடாது. எல்லா ஊரிலிருந்தும் வந்தார்கள். பன்னிரண்டாம் நாள் மதுரையிலிருந்து சித்தி மகன், நம் தம்பி, குடும்பத்தோடு வந்தான். வேனில் வந்தான். பிள்ளைகள் தொப்பி போட்டிருந்தன. அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு ரெண்டு நிமிஷம் அழுதாள். பொய்யழுகை என்று சொல்ல மாட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்கன இருந்து மணப்பாடு எவ்வளவு தூரம் மதினி? பிள்ளைக கடல் பாக்கணும்னு ஒரே பிடி. போற வழிதானேன்னு ரெண்டையும் சேத்து வச்சிக்கிட்டோம்" என்றாள்.

நான் தூரத்தைச் சொன்னேன். எப்படிப் போக வேண்டும் என்றும் சொன்னேன். ஏரல் ரோட்டில் திரும்பினால் கொற்கை என்றும் சொன்னேன். மறுநாள் தம்பி வாட்ஸ்அப்பில் படம் போட்டிருந்தான். மணப்பாட்டு மணல்மேடு, மேலே சிலுவைக் கோயில், கீழே நீலமாகக் கடல், பிள்ளைகள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றன. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. துட்டியும் கேட்டார்கள், கடலும் பார்த்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. இவ்வளவு லேசான காரியத்தையா நீ இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தாய்?

இது நடந்து மூன்று வருஷம். இப்போது மீனா அந்த நீலக் கோட்டைக் காட்டும்போது மதுரைச் சித்தி இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கால் வீங்கிக் கிடந்ததால் நான் போகவில்லை. என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மதுரைல துட்டி கெடக்கே. தை கழிஞ்சு பாத்துக்கிடலாமே" என்றார். மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர். "துட்டின்னா?" என்று மீனாவிடம் மெல்லக் கேட்டார். "செத்த வீட்டுல போய் விசாரிக்கது" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான், "போவோம்" என்றேன். "பைபாஸ்ல போவாண்டாம். மதுரைக்குள்ளயே போவோம். மகாலு பாக்கணும்."

மகாலுக்குள் நான் நின்றுகொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான். கட்டிப்பிடிக்க மூன்று ஆள் வேண்டும் போலிருந்த தூண் ஒன்றில் சாய்ந்து நின்று போனை எடுத்தேன். "அக்கா, எங்க இருக்கீய? எப்பம் வருதிய?" "வீட்டுலதாம்ப்பா. காலு இன்னும் வத்தல" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. பேசிக்கொண்டே மேலே விதானத்தின் சுதை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். எனக்குக் குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நல்ல பசிதான் வந்தது.

தஞ்சாவூரில் கோபுரத்தைப் பார்த்தேன். தரங்கம்பாடியில் கோட்டைச் சுவருக்குக் கீழே அலை வந்து மோதுவதைப் பார்த்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் வெயில் இறங்குகிறது; நீ எழுதி வைத்தது சரி. கடற்கரை ரோட்டில் உப்பளமும் பனையும் மாறி மாறி வந்தன. சொன்னால் நம்ப மாட்டாய், பல மணி நேரம் உன் நினைப்பே எனக்கு வரவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், வண்டியில் நன்றாகத் தூங்கினேன்.

கடைசி நாள் மத்தியானம் கொற்கை. ஒரு குளம், ஒரு கோயில், ஒரு கிழட்டு வன்னி மரம், சுற்றி வாழையும் வயலும். கண்ணுக்கெட்டின வரை கடல் இல்லை. "துறைமுகம்னு சொன்னீங்களே அத்தை?" என்று மாப்பிள்ளை கேட்டார். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கடல் தள்ளிப் போய்விட்ட கதையை நான் சொன்னேன். நீ பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே வரிசையில்தான் சொன்னேன் என்று சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. மீனா என் தோளில் கை போட்டாள்.

"பெரியம்மா இருந்திருந்தா இன்னைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா, இல்லம்மா?"

"இருந்திருந்தா வந்திருக்க மாட்டா" என்றேன். "மதுரைல துட்டி கெடக்குல்லா."

விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். செத்துப்போனவள் மேல் இன்னும் என்ன கோபம், விடு என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். விட்டுவிடலாம்தான். உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான் அக்கா. இதையும் விட்டுவிட்டால் அப்புறம் நான் உன்னோடு என்னத்தைப் பேச?