பெர்னிஸ் திருத்திய பாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். அடுத்த கச்சேரிக்குப் போகும் வழியில், பனிப்புயலில் என் வேன் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. எனக்கும் கிட்டாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே. சாலை திறக்கும்வரை ஒன்டாரியோவின் வடக்கே ஒரு சுரங்க ஊரில் தங்கியிருக்கிறேன்.

நேற்று மதியம் தேவாலயக் கூடத்தில் சூப் கொடுத்துவிட்டுப் பாடச் சொன்னார்கள். அப்பா படகோடு திரும்பாத வருஷம் எழுதினேனே, அந்தப் பாட்டைத் தொடங்கினேன். அதை நான் எந்த இசைத்தட்டிலும் போட்டதில்லை, போகிற ஊர்களில் மேடையில் பாடியதோடு சரி. ஆனால் இரண்டாவது வரியிலேயே கூடம் முழுவதும் சேர்ந்து பாடியது!

முடித்ததும், சூப் ஊற்றிய பெர்னிஸ் கரண்டியோடு வந்தார். "ஏம்மா, பாதியிலயே நிறுத்திட்ட? கடைசிச் சரணம் தெரியாதா?"

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"நல்லா கேட்ட போ! சுரங்கம் இடிஞ்சு என் வீட்டுக்காரர் போனப்போ நாங்க எல்லாரும் பாடினதே அதுதான். இது எங்க ஊர்ப் பாட்டு. உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

எழுதியவள் நான்தான் என்பதை விட்டுவிட்டு, அந்தச் சரணத்தைப் பாடிக் காட்டச் சொன்னேன். அவர் பாடிக் காட்டினார்:

"காத்துக் கிடந்தது போதும், வீட்டுக்கு வாங்க, அடுப்ப மூட்டுங்க;
போனவங்களுக்குக் குளிராது, இருக்கிறவங்களுக்குத்தான் குளிரும்."

இத்தனை வருஷம் தேடியும் எனக்குக் கிடைக்காத வரிகள், அம்மா. அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், சீக்கிரம் போனை வைத்துவிடாதே. வேனை இழுக்க வண்டி வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். அந்தச் சரணத்தை உனக்குப் பாட வேண்டும்.

உன் மகள்,
லொரெட்டா