குண்டு அமரும் ஆழம்

இல்லை, இன்னும் அந்த நட்டைத் திருகவில்லை. திருகாமலே சமாளிக்க முடியுமா என்றுதான் இத்தனை நாளும் பார்த்தேன்.

இன்று காலை இன்னொரு புதுக் குண்டு டின்னைத் திறந்தேன். ஈயமும் மெல்லிய எண்ணெயும் கலந்த அந்த வாசனை. நீ எந்த டின்னைத் திறந்தாலும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பாய்.

"மோந்து பாத்தா எங்க படும்னு தெரிஞ்சிடுமாடி?"

"சும்னிரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

உன் வீட்டில் தமிழ். கம்பெனியில் லைனில் நிற்பவர்களோடு தெலுங்கு. என்னை அதட்ட மட்டும் கன்னடம்.

ஒரே கம்பெனி. நீ தரச்சோதனைப் பிரிவு, நான் டிசைன். ஒரே ஹாஸ்டல், ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாகலூர் சாலையில் தகரக் கூரை போட்ட அந்தப் பத்து மீட்டர் துப்பாக்கி சுடும் ரேஞ்சு. ஆளுக்கொரு ஏர் ரைஃபிள் வாங்க நம்மால் முடியாது. அதனால் இருவருக்கும் ஒன்றாகச் சேர்த்தோம். பழைய போட்டித் துப்பாக்கி ஒன்றின் உடல். விளையாட்டை விட்டுப்போன ஒருவரின் பேரல். தொரப்பள்ளித் தச்சர் இழைத்துக் கொடுத்த கட்டை. கன்னம் வைக்கும் இடத்தை உன் கழுத்துக்கும் என் கழுத்துக்கும் நடுவில் எங்கோ நிறுத்தினார். இருவருக்குமே சரியாக இல்லை. இருவருக்குமே பழகிவிட்டது.

பிறகு குண்டு. ஒரே பெயர் போட்ட டின்னாக இருந்தாலும் ஒவ்வொரு முறை தயாரிக்கும் லாட்டுக்கு லாட் குண்டுத் தலையின் விட்டம் மாறும் என்று ரேஞ்சில் யாரோ சொன்னார்கள். உனக்கு அது போதும். ஹாஸ்டல் கட்டிலில் செய்தித்தாள் விரித்து, உன் மைக்ரோமீட்டரை எடுத்து, ஒவ்வொரு குண்டாக அளந்தாய். கம்பெனியில் செய்வது போலவே மூன்று கிண்ணங்கள். ஓகே, சந்தேகம், ரிஜெக்ட். சாப்பாட்டு மணி அடித்ததும் அளக்காமல் மிச்சம் கிடந்ததை டின்னோடு மூடி வைத்தாய்.

அடுத்த நாள் 'ஓகே' குண்டுகள் இலக்கு அட்டை முழுக்கச் சிதறின. டின்னில் மிச்சமிருந்தவை ஒரே துளையில் போயின. ரேஞ்சை நடத்தும் மாஸ்டர் ஓகே கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"ஏம்மா, இத யாராச்சும் கடிச்சீங்களா?"

"இல்ல சார், அளந்தோம்."

"எதால?"

நீ மைக்ரோமீட்டரைக் காட்டினாய். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "இது ஈயம்மா. இரும்ப புடிக்கிற மாதிரி புடிச்சா நசுங்காம என்னா பண்ணும்?"

நீ பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "குண்டு இல்லடி, நாமதான் ரிஜெக்ட்டு."

அதன்பின் அளக்கவில்லை, சுட்டுப் பார்த்தோம். துப்பாக்கியை அசையாமல் பிடிக்கும் இரும்பு வைஸில் இறுக்கி, டின் டின்னாக. நம் பேரலுக்கு ஒரு லாட் பொருந்தியது. ஆனாலும் உன் குண்டுகள் சற்று மேலே, என்னுடையவை சற்றுக் கீழே. வைஸில் இருக்கும் துப்பாக்கிக்கு யார் சுட்டால் என்ன? நீதான் கண்டுபிடித்தாய். குண்டைப் பேரலுக்குள் அழுத்தி வைக்கும் கட்டைவிரல். உன்னுடையது ஆழமாகத் தள்ளியது. என்னுடையது வாயோடு நிறுத்தியது.

உன் அண்ணனின் பட்டறை லேத்தில் ஒரு பித்தளைக் குச்சி கடைந்தாய். அதில் ஒரு சின்ன நட்டு. குச்சியால் குண்டைத் தள்ள வேண்டும், நட்டு பேரலின் விளிம்பில் முட்டியதும் நிறுத்த வேண்டும். நட்டை நகர்த்தி நகர்த்திச் சுட்டு, குண்டு எந்த ஆழத்தில் அமர்ந்தால் துளைகள் ஒன்றாகின்றன என்று பார்த்தோம். அது உன் விரலின் ஆழமும் இல்லை, என்னுடையதும் இல்லை.

அந்த ஆழம் கிடைத்ததும் உன் நகப்பூச்சை எடுத்து நட்டின் மேலும் குச்சியின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தாய். லைனில் இறுக்கி முடித்த போல்ட்டுக்குப் போடும் கோடு.

"யாரு கை வெச்சாலும் தெரிஞ்சிடும்."

"யாருடி வெக்கப்போறா?"

"நீதான். உன்ன நம்ப முடியாது."

காய்ச்சல் என்று சாமல்பட்டிக்கு, உன் வீட்டுக்கு, பஸ் ஏறினாய். உன்னை உயிரோடு நான் பார்த்தது அதுதான் கடைசி.

துப்பாக்கியை உன் அம்மாவிடம் கொண்டுபோனேன். உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "இத வெச்சிகினு நான் என்னா கண்ணு பண்ணுவேன்? நீ எடுத்துகினு போ. சுடு."

சுட்டேன். பழைய லாட் தீரும்வரை எல்லாம் சரியாக இருந்தது. அந்த லாட் இனி வராது என்கிறார் கடைக்காரர். புதியது உன் ஆழத்தில் அமர மறுக்கிறது. துளைகள் விலகி விலகி விழுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டிக்கான தேர்வு. நாம் இருவரும் ஆசைப்பட்டது. "ஒருத்தி போனா போதும்டி, நம்ம துப்பாக்கி போன மாதிரிதான்" என்று நீ சொன்னது.

மாஸ்டர் நேற்றே சொல்லிவிட்டார். "ஆழத்த மாத்தும்மா."

"அடுத்த வாரம் பாக்குறேன் சார்."

"மேட்ச்சு ஞாயித்துக்கெழம. அடுத்த வாரம் பாத்து என்னா பண்றது? வர்றியா இல்லியா, நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள பேரு குடு."

குச்சியை ஒதுக்கிவிட்டு விரலால் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஆழம்.

உன் கையெழுத்து என்னிடம் இல்லை. நாம் எழுதிக்கொண்டதெல்லாம் போனில். படங்கள் இருக்கின்றன, குரலும் இருக்கிறது. ஆனால் உன் கை அசைந்த தடமாக இந்தக் கோடு ஒன்றுதான். அதில் தூரிகையின் முடி ஒன்று ஒட்டிக் காய்ந்திருக்கிறது. இதைத்தான் உடைக்கச் சொல்கிறார்கள்.

மேலே எழுதியது காலையில். இது மாலை.

குண்டுகள் சிதறினால் நீ ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அட்டையைக் கையில் வாங்கி ஒன்றுதான் கேட்பாய். "இப்ப என்னா மாறிச்சு?" உன்னிடமிருந்து அந்தக் கேள்வி எனக்கு வந்துவிட்டது. வரைபடத்தின் முன்னால் கேட்கிறேன். கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரம் காலியாக இருக்கும்போது கேட்கிறேன். பதில் பெரும்பாலும் நீதான்.

இன்று பதில் வேறாக இருந்தது. லாட் மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

நட்டைத் திருகினேன். கோட்டின் ஒரு பாதி நட்டோடு திரும்பியது. மறுபாதி குச்சியில் நின்றது. சுட்டேன். துளைகள் நெருங்கின, ஒட்டவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன். ஒட்டின.

மாஸ்டர் ஷட்டரை இழுப்பதற்குள் போய் ஞாயிற்றுக்கிழமைக்குப் பெயரைக் கொடுத்தேன்.