டம்ளரை இரண்டு கையால் பிடித்தவனுக்கு

நண்பா,

யாரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று இந்தப் பெட்ரோல் வாசனையைச் சாட்சி வைத்து உறுதி கூறுகிறேன். நீ இருந்திருந்தால் முதலில் நம்பாதவன் நீதான்.

இன்று காலை, கைதிகளை வைத்துச் சிறைத்துறை நடத்தும் பங்க்கில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். பெட்ரோல் போட வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அங்கிள், ஓ சுப் ரஹ்தே சோ சாப் கித்தர்?" பேசாமலே இருப்பாரே, அந்த சார் எங்கே என்கிறான். என் பதில் கடைசியில் வரும்.

பாலாநகர் தொழிற்சாலையில் ஓய்வு என்று நமக்கு மாலை போட்டு அனுப்பிய சூட்டோடு, இருவரும் குற்றவியல் நீதி முதுகலையில் சேர்ந்தோம். கைதிகளின் மறுவாழ்வும் மனநலமும் சிறப்புப் பாடம். நான் அமர்ந்த மாத்திரத்தில் பெஞ்சு இரண்டாகப் பிளந்தது. நான் குடியிருக்கும் ஹப்சிகுடாவே திரண்டு வந்து, இந்த வயதில் எதற்கு என்றது. இரண்டே வருஷத்தில் நாட்டின் சிறைகளை எல்லாம் காலி செய்யப்போவதாக அறிவித்தேன்.

"சும்மா இரு மியான். ஒரு ஆளு உருப்பட்டாப் போதும்" என்றாய் நீ.

களப்பணிக்கு ஜோடி ஜோடியாகச் சிறையின் போதை மீட்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஒருவர் பேச வேண்டும். மற்றவர் அங்கே பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் எழுத வேண்டும். வாராவாரம் அதை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டும். நமக்கு வாய்த்தவன் குடித்துவிட்டு அடிதடி செய்து உள்ளே வந்தவன். பெயர் எழுதக் கூடாதென்பது விதி, இங்கும் எழுதவில்லை. அவனை வெளியே பங்க் வேலைக்கு அனுப்பலாமா என்ற முடிவுக்கு நம் பதிவையும் பார்ப்பார்கள். வாயே திறக்காதவனை அனுப்ப மாட்டார்கள்.

முதல் மூன்று வாரம் நான் பேசினேன். சிறைச் சுவர்கள் கண்ணீர் விட்டன. வகுப்பில் பதிவைக் கேட்ட நம் பேராசிரியை, மதுரைக்கார மேடம், "சார், இதுல கைதி யாரு? அவர் நாலு தடவை 'ஹவ்', ஆமான்னு சொல்லியிருக்கார். மிச்சமெல்லாம் உங்க சுயசரிதை" என்றார்.

"பேனாவை நீ பிடி" என்றாய் என்னிடம்.

நான்காம் வாரம் நீ ஒன்றுமே கேட்கவில்லை. டீ வந்தது. வழக்கம்போல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். டீக்கு நீ காட்டும் மரியாதை அது என்று நான் தொழிற்சாலை முழுக்கப் பரப்பி வைத்திருந்தேன். அவன் உன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப், சோட் கே கித்னே சால் ஹுயே?"

குடியை விட்டு எத்தனை வருஷம் என்று கேட்கிறான். எனக்குப் பேனா நின்றுவிட்டது. முப்பது வருஷம் பக்கத்து மெஷினில் நின்றவன் நான், எனக்குத் தெரியாது. நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "நௌ." ஒன்பது.

அதன்பின் அவன் பேசினான். வீட்டுக்குப் போனால் மகள் முதலில் அவன் கையைத்தான் பார்ப்பாளாம். நடுங்காவிட்டால்தான் கதவைத் திறப்பாளாம். கை பார்க்க அவன் கற்றது அவளிடம். உன் இரண்டு கைப் பிடி அந்த நடுக்கக் காலத்துப் பழக்கம் என்று கண்டுகொண்டான்.

வெளியே வந்ததும், "யோவ், அந்த ரெண்டு வரியை விட்டுடலாம். கிளாஸ்ல அத்தனை பசங்க இருக்காங்க" என்றேன்.

"நக்கோ, வேணாம். அதை விட்டா அவன் ஏன் பேசினான்னு யாருக்குப் புரியும்? எழுது."

வகுப்பில் நீயே படித்தாய். காது சிவந்திருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது. அடுத்த மாதம் அவன் பங்க்குக்கு வந்தான். தண்டனை முடிந்தும் சம்பளத்துக்கு அங்கேயே இருக்கிறான். நீதான் பட்டம் வாங்கும் முன்பே நெஞ்சு வலி என்று போய்விட்டாய்.

இன்று அவனிடம், "குஸர் கயே" என்றேன். காலமாகிவிட்டார் என்று அவ்வளவுதான். உனக்குப் பெரிய இறுதி ஊர்வலம் ஒன்றைக் கதையாக வாயில் தயாராக வைத்திருந்தேன், விழுங்கிவிட்டேன். அவன் டாங்க் மூடியை நிதானமாகத் திருகினான். அவன் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை.

பெஞ்சு பிளந்தது பொய். ஹப்சிகுடா திரண்டதும் பொய். என் மைத்துனன் மட்டும் கேட்டான். சுவர் அழுததை நீயே அறிவாய். மிச்சமெல்லாம் நிஜம், இந்தச் சின்ன இடமும்தான்: அன்று பதிவில் உன் வருஷத்தைக் கூட்டிப் பத்து என்று எழுதக் கை துடித்தது. ஒன்பது என்றுதான் எழுதினேன்.