பத்துக்குப் பத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? எனக்கு இங்கே கோபத்தைத் தவிர வேறு குறையில்லை.

என் அறைக்குப் புது ஹீட்டர் வாங்க வீட்டுக்காரர் அளவு கேட்டார். கொத்தனார் மகளல்லவா, "பத்துக்குப் பத்து" என்று மிடுக்காகச் சொன்னேன். நம் திருவண்ணாமலையில் உயரத்தை யார் சொல்கிறார்கள்? இந்த ஸ்காட்லாந்து வீட்டில் சீலிங் பன்னிரண்டடி! அவர் மாட்டியதோ சின்ன ஹீட்டர். சூடு அந்த உயரத்துக்குப் போதவில்லை. கேட்டால், உயரத்தை நான்தான் சொல்லவில்லையாம். தன் வீட்டு உயரம் தனக்கே தெரியாதா அந்த ஆளுக்கு? பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று வீடியோவில், "வூட்டுக்குள்ளயே கோட்டு போட்டுனு இருக்கியே, ஸ்டைலாம்மா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நீங்கள் மார்கழியில் போர்த்தும் கம்பளியை அனுப்புங்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. அம்மாவிடம் மட்டும், கோட்டு ஸ்டைல்தான் என்று சொல்லிவையுங்கள்.

கவிநிலா