கை நுழைகிற இடைவெளி

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அத்தைக்கு மூட்டுவலி பரவாயில்லையா? பாப்பா ராத்திரி அழாமல் தூங்குகிறாளா?

கம்ப்யூட்டரில் நான் தனியாக வரைந்த முதல் பொருளை நேற்று மாட்டினார்கள். தகடு வெட்டும் மெஷினில், கத்திப் பக்கம் கை போகாமல் தடுக்கிற கம்பி வலை அது. பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெஷின் ஓட்டுகிற அண்ணன், சிக்கிய துண்டை எடுக்கப் பழக்கத்தில் கையை நீட்டினார். வலைக்குக் கீழே மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது. பக்கத்தில் நின்ற நான் சிவப்புப் பொத்தானை அடித்தேன். கத்தி நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"யார் வரைஞ்சது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார். கம்பிக்கு நடுவுல இடைவெளி பார்த்தேன். அடியில பார்க்கல."

எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அவர் குனிந்து வலையின் அடியைப் பார்த்தார்.

"சரி பண்ணு. அதுவரைக்கும் மெஷின் ஓடாது."

எல்லோரும் காத்திருக்க, கம்ப்யூட்டரில் மாற்றி வரைந்தேன். அடியில் புதுப் பட்டை பொருத்தியதும், மெஷினை அணைத்துவிட்டு அண்ணன் விரலை விட்டுப் பார்த்தார்.

"இப்பப் போகலம்மா."

மேனேஜர் மெஷினை ஓட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்று காலை அடுத்த வேலை என் மேசையில் இருந்தது.

பாப்பாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும். அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்து, பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். அளவை மட்டும் போனில் சொல்லிவிடாதீர்கள். எனக்கு அந்தக் காகிதமே வேண்டும்.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

பாப்பா அம்மா