ரோட்டிலிருந்து பார்த்த மக்காச்சோளம்

கூடப் பிறக்காமலே எனக்கு அண்ணனாகிப்போன முருகேசன் அண்ணாச்சிக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. உங்கள் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. பயிர் வரைபடம் முடிந்துவிட்டது என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். சொல்ல வேண்டியது இப்போது வேறாகிவிட்டது. சொல்லப் பயமாக இருக்கிறது.

மார்கழி மழையில் புதூர்ப் பக்கம் உளுந்தெல்லாம் அழுகிப்போனது உங்களுக்குத் தெரியாது. யார் காட்டில் உளுந்து, யாருக்கு நிவாரணம் என்பதை நம் வரைபடத்தை வைத்தே முடிவு செய்தார்கள். செயற்கைக்கோள் படத்தை மூன்று கணினி நிரல்கள் தனித்தனியே படித்துப் பயிரைச் சொல்லும். இரண்டு ஒத்துச் சொன்னால் அதையே எழுதுவோம். ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும் என்று நம்பினோம். ஆனால் மூன்றுமே நீங்கள் காடுகாடாகப் போய் அங்கே நிற்கும் பயிரைக் கைப்பேசியில் குறித்துத் தந்த புள்ளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவைதானே.

மூன்று வாரத்துக்கு முன் மாரியம்மா என்ற விவசாயி புதூரிலிருந்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"எங்க காட்டுல உளுந்துல்லா போட்டிருந்தோம். மக்காச்சோளம்னு எழுதி, நிவாரணம் கிடையாதுன்னுட்டாவளே. யாரு வந்து பாத்தா?"

கணினியில் அவர் காட்டைத் திறந்தேன். மூன்றும் மக்காச்சோளம் என்றன. நடுவில் உங்கள் பெயரோடு ஒரு புள்ளி, அதிலும் மக்காச்சோளம்.  போகாமலே குறித்துவிட்டீர்களோ? இப்படி எத்தனை காட்டில்? உங்களைச் சந்தேகப்பட்டேன், அண்ணாச்சி.

மறுநாள் அவரோடு பஸ்ஸில் போனேன். ரோட்டிலிருந்து பார்த்தால் காய்ந்த மக்காச்சோளத் தட்டைதான் தெரிந்தது. விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். பூச்சி வராமலிருக்க ஓரத்தில் நாலு வரிசை மட்டும் மக்காச்சோளம். உள்ளே முழுக்க உளுந்து, அழுகிக் கரிசல் மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

"கார்த்திகையில இங்கன யாராவது வந்து போன்ல குறிச்சாவளா?" என்று கேட்டேன்.

"ஒரு அண்ணாச்சி வந்தாவ. வண்டிய விட்டு இறங்கல. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாவ, மூஞ்செல்லாம் வேர்வை. தண்ணி குடுத்தேன். உள்ள வந்து பாருங்கன்னேன். நடக்க முடியலம்மா, ஆபீசுல அவசரப்படுத்துதாவன்னு சொல்லிட்டு, போன்ல என்னமோ அழுத்திட்டுப் போயிட்டாவ."

அவசரப்படுத்தியது நான். அன்று காலையில் கூப்பிட்டு, "சாயங்காலத்துக்குள்ள நாப்பது புள்ளி வேணும் அண்ணாச்சி" என்றேன். "முடிச்சிருதேன் தாயி" என்றீர்கள். குரலில் ஏதாவது இருந்ததா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. எட்டாம் நாள் மாரடைப்பில் போய்விட்டீர்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா?

மேலதிகாரியிடம் சொன்னேன். "செத்துப்போன மனுசன் பேர ஏம்மா இழுக்கணும்? அந்த ஒரு காட்ட மட்டும் திருத்திருவோம்" என்றார். எனக்கு இன்னும் பயம் கூடியது. உங்கள் புள்ளியிலிருந்து கற்ற தப்பை மூன்றும் நீங்கள் எட்டிப்பார்க்காத காடுகளிலும் சொல்லியிருக்குமே.

"பேர் வேணும்னா எம்பேரப் போடுங்க சார். அவசரப்படுத்தினது நாந்தான்" என்றேன்.  நிவாரணம் கொடுப்பவர்களிடமிருந்து வரைபடத்தைத் திருப்பி வாங்க அவர் கடிதம் எழுதினார். உங்கள் பெயர் அதில் இல்லை.

நாலு பேராகப் போய் உங்கள் கடைசி வாரப் புள்ளிகள் எல்லாவற்றிலும் இறங்கி நடந்தோம். பாதி சரியாக இருந்தது. மீதி ரோட்டிலிருந்து பார்த்தவை. மறுபடி கற்பித்ததில் மாரியம்மா காடு உளுந்தாகிவிட்டது. ஆனால் இப்போது பல இடங்களில் மூன்றும் மூன்று பயிரைச் சொல்கின்றன. அங்கெல்லாம் இனிமேல்தான் போக வேண்டும். காலையில் படத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

அதைவிடப் பயம் உங்கள் வீட்டில் மதினியை நினைத்து. உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலையில நல்லாத்தானம்மா இருந்தாவ? ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருந்தாவ மதினி" என்றேன். அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அந்தத் தெருப்பக்கமே நான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும், அன்று காலையில் நான் போனில் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொல்வேன். அதற்குப் பிறகு மதினி என்னை வீட்டுக்குள் விடாமல் போகலாம். இருந்தாலும் சொல்வேன், அண்ணாச்சி. இது சத்தியம்.

இன்னமும் உங்கள் தங்கச்சிதான் என்று நம்புகிற,
செல்வி